பிரஷரே இல்லாதவருக்கு "பிரஷரால் வந்த கிட்னி பாதிப்பு" என்று பயாப்ஸி ரிப்போர்ட் – கேடசில் குடும்பம்

மார்ச் 4, இரவு 10:12 – நீலவானம்

எங்க அண்ணனுக்கு 52 வயசு. அப்பாவுக்கும் அத்தைக்கும் அம்பது வயசுக்குள்ளயே பக்கவாதம். அண்ணனுக்கு ஜீன் டெஸ்ட் எடுத்து கேடசில்னு உறுதியாயிடுச்சு (சின்ன ரத்தக்குழாய்களைக் கெடுத்து பக்கவாதம் வர வைக்கிற பரம்பரை நோய்). இப்போ யூரின்ல புரோட்டீன் போகுது, கிரியேட்டினின் (கிட்னி வெளியேத்த வேண்டிய கழிவு) 1.6, கூடுதல். கிட்னி பயாப்ஸி எடுத்தாங்க. ரிப்போர்ட்ல "ஆர்டீரியோலார் ஹையலினோசிஸ், ஹைப்பர்டென்சிவ் நெஃப்ரோஸ்கிளிரோசிஸுக்கு ஒத்துப்போகிறது"ன்னு போட்டிருக்கு, அதாவது குட்டி ரத்தக்குழாய்ச் சுவர் தடிச்சிருக்கு, பிரஷரால வந்த கிட்னி பாதிப்பு மாதிரி இருக்குன்னு. 14 க்ளோமெருலஸ்ல (ரத்தத்தை வடிகட்டுற குட்டி வடிகட்டி) 2 முழுசா செத்துப்போச்சாம். அண்ணனுக்கு பிரஷரே கிடையாது! கேடசில் மூளை நோய்தானே, கிட்னிக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? வேற யாரோட ரிப்போர்ட்டோ மாறி வந்திருக்கும்னு நான் நினைக்கிறேன்.

மார்ச் 4, இரவு 11:47 – சிறுநாளம்

மாறியிருக்காது. கேடசில் குடும்பத்துல கிட்னி பயாப்ஸி எடுத்தா முதல் ரிப்போர்ட் இப்படி வர்றது உண்டு. எனக்கும் இதே வரிதான் வந்துச்சு.

மூளை நோய்னு சொல்றது பாதிதான் சரி. மூளையில தெரியுற நோய்னு சொல்லுங்க. கோளாறு இருக்கிறது நாட்ச்-3 மரபணுவுல. அந்தப் புரதம் சின்ன ரத்தக்குழாய்ச் சுவர்ல இருக்கிற மிருதுத் தசை செல்கள்ல இருக்கு. அந்தத் தசை தோல்ல இருக்கு, கை கால் தசைக்குள்ள ஓடுற குழாய்ல இருக்கு, நரம்புல இருக்கு, கிட்னியில நிறையவே இருக்கு. மூளை சத்தம் போடுது, மத்ததெல்லாம் அமைதியா இருக்கு. அவ்வளவுதான்.

ஒரே ஒரு விஷயம் நாளைக்கே கேளுங்க: எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்புக்குன்னு ஒரு துண்டு தனியா எடுத்து வெச்சாங்களா? மிச்சத்தை காலையில எழுதுறேன்.

மார்ச் 5, காலை 6:30 – சிறுநாளம்

தொடர்ச்சி.

சாதாரண மைக்ராஸ்கோப்புல பார்க்கிறவருக்கு என்ன தெரியும்? க்ளோமெருலஸுக்குள்ள ரத்தம் கொண்டுபோற குட்டிக் குழாய், அஃபரெண்ட் ஆர்டீரியோல்னு சொல்வாங்க, அதோட சுவர் தடிச்சிருக்கும். தசை இருக்க வேண்டிய இடத்துல பிஏஎஸ்ங்கிற லேப் சாயத்துல இளஞ்சிவப்பா ஒரே பூச்சா எதோ இருக்கும். கொஞ்சம் பெரிய குழாய்கள்ல உள் அடுக்கு தடிச்சிருக்கும். அங்கங்க க்ளோமெருலஸ் சுருங்கி மூடியிருக்கும், அதைச் சுத்தி நுண்குழல்கள் மெலிஞ்சு நார் பாய்ஞ்சிருக்கும். இந்தப் படம் பல வருஷ பிரஷருக்கும் வரும், சர்க்கரைக்கும் வரும், வயசுக்கும் வரும், கேடசிலுக்கும் வரும். பிரஷர் உலகத்துல எவ்வளவு பேருக்கு இருக்கு, கேடசில் எத்தனை பேருக்கு இருக்கு? பார்க்கிறவர் எதை முதல்ல எழுதுவார்? அவர் மேல தப்பு சொல்ல மாட்டேன்.

"ஒத்துப்போகிறது"ங்கிற வார்த்தையையும் கவனிங்க. "இதுதான்"னு அவர் எழுதலை.

வித்தியாசம் தெளிவாத் தெரியுறது எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்புலதான். தசை செல்லோட வெளிச்சவ்வுல சின்னச் சின்னக் குழி விழுந்திருக்கும். அந்தக் குழிக்குள்ள, செல்லுக்கும் அதைச் சுத்தியிருக்கிற அடித்தளச் சவ்வுக்கும் நடுவுல, கறுப்பா மணல்மணலா ஒரு படிவு உட்கார்ந்திருக்கும். இதைத்தான் ஜிஓஎம்னு சுருக்கமா சொல்றாங்க, ஆஸ்மியம் சாயம் பிடிக்கிற துகள் படிவு. ஒவ்வொரு துகளும் 10-15 நானோமீட்டர். படிவா சேர்ந்தாலும் பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு மைக்ரானுக்குள்ளதான். சாதா மைக்ராஸ்கோப்புல, வழக்கமான சாயத்துல, அதை இதுதான்னு அடையாளம் காண முடியாது.

மார்ச் 5, காலை 7:05

அந்தப் படிவு எதுக்கு வருதுன்னு கேட்டு ஒருத்தர் தனியா எழுதியிருந்தார், இங்கேயே சொல்லிடறேன். நாட்ச்-3 புரதத்தோட வெளிப்பகுதியில 34 கண்ணிகள் வரிசையா இருக்கு. ஒவ்வொண்ணுலயும் சிஸ்டைன்ங்கிற அமினோ அமிலம் 6. ரெண்டு ரெண்டா கைகோத்து மூணு ஜோடி. கேடசில் மாற்றத்துல ஒரு கண்ணியில சிஸ்டைன் அஞ்சாகும், இல்லைன்னா ஏழாகும். ஜோடி இல்லாத ஒண்ணு சும்மா இருக்காது, பக்கத்துல கிடைச்சதைப் பிடிச்சு ஒட்டும். அறுந்து விழுந்து அப்புறப்பட வேண்டிய வெளிப்பகுதி, மத்த புரதங்களையும் சேர்த்துக்கிட்டு அங்கேயே குவியும். அந்தக் குவியல்தான் படிவு. கல்யாண வீட்டுல ஜோடியில்லாம வந்த மாமா யார் கையையாவது பிடிச்சுக்கிட்டு விடாம பேசுவாரே, அதே கதை.

மார்ச் 5, இரவு 9:20

நம்ம கதைக்கு வர்றேன்.

எனக்கு நாட்ச்-3 மாற்றம் இருக்கிறது அம்மா வழியில. தலைவலி, அதுக்கு முன்னாடி கண்ணுல மின்னல்கோடு, இதெல்லாம் முப்பது வயசுல இருந்தே உண்டு. யூரின்ல புரோட்டீன் போறது வேற எதுக்கோ எடுத்த டெஸ்ட்டுல தெரிய வந்துச்சு. பயாப்ஸின்னாங்க.

குப்புறப் படுக்க வெச்சு, வயித்துக்கு அடியில தலையணை கொடுத்து, அல்ட்ராசவுண்டுல பார்த்துக்கிட்டே முதுகுல மரத்துப்போற ஊசி. "மூச்சை இழுத்து அப்படியே பிடிங்க"ன்னதும் டப்புனு ஒரு சத்தம், ஸ்டேப்ளர் மாதிரி. வலியை விட அந்தச் சத்தத்துக்குத்தான் உடம்பு தூக்கிப்போட்டுது. எடுத்த துண்டை ஒரு டெக்னீஷியன் அம்மா பக்கத்துலயே சின்ன மைக்ராஸ்கோப்புல வெச்சுப் பார்த்தாங்க. நூல் துண்டு கணக்கா வெளுப்பா இருந்துச்சு, அதுல அங்கங்க சிவப்புப் புள்ளி. அந்தப் புள்ளிதான் க்ளோமெருலஸாம். "கார்ட்டெக்ஸ் வந்திருக்கு சார்"னு (க்ளோமெருலஸ் இருக்கிற கிட்னியோட வெளிப்பகுதி) டாக்டர்கிட்ட சொல்லிட்டு, பிளேடால அதை மூணா பிரிச்சாங்க. ஒண்ணு ஃபார்மலின் பாட்டில்ல, ஒண்ணு இம்யூனோஃப்ளூரசன்ஸ் பாட்டில்ல (நோய் எதிர்ப்புப் புரதம் படிஞ்சிருந்தா ஒளிர வெச்சுக் காட்டுற டெஸ்ட்), ஒரு மில்லிமீட்டர் ரெண்டு மில்லிமீட்டர் அளவுல ஒரு துணுக்கு மட்டும் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்புக்காக க்ளூட்டரால்டிஹைட்ல. அந்தத் துணுக்குதான் பின்னால என் வழக்கைத் தீர்த்து வெச்சுது.

லேபுக்குப் போன படிவத்துல என்ன எழுதியிருந்தாங்க தெரியுமா? "புரோட்டீனூரியா, காரணம்?" அவ்வளவுதான். குடும்பத்துல அத்தனை பேருக்கு பக்கவாதம், மரபணு ரிப்போர்ட் ஃபைல்லயே இருக்கு, ஒரு வார்த்தை இல்லை. பார்த்த பேத்தாலஜிஸ்ட் பிரஷர்னு எழுதினார். வேற என்ன எழுதுவார்? ஜெனடிக் ரிப்போர்ட் நகலை நானே கொண்டுபோய் லேப் கவுண்டர்ல கொடுத்தேன். அவரே வெளிய வந்து, "இதை முதல்லயே சொல்லியிருந்தா அந்தத் துணுக்கை உடனே பார்த்திருப்பேனே"ன்னார். பார்த்தார். ஆர்டீரியோல் தசையைச் சுத்தி படிவு. ரிப்போர்ட் திருத்தி வந்துச்சு.

மார்ச் 6, காலை 8:15 – நீலவானம்

லேபுல கேட்டேன். எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்புக்கு தனியா எதுவும் வைக்கலையாம். எல்லாமே பாரஃபின் பிளாக்தான் (மெழுகுக்கட்டிக்குள்ள பதிச்சது). இன்னொரு தடவை குத்தணுமா?

மார்ச் 6, காலை 8:40 – சிறுநாளம்

வேண்டாம்! பாரஃபின் பிளாக்குல இருந்து மெழுகை நீக்கி அதையே எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்புக்குத் தயார் பண்ண முடியும். படம் கொஞ்சம் சிதைஞ்சிருக்கும். செல்லோட நுணுக்கமெல்லாம் கெட்டுப்போயிருக்கும். ஆனா கறுப்புப் படிவு பெரும்பாலும் தப்பிக்கும், நமக்கு வேண்டியது அதுதான். பிளாக்குல ஆர்டீரியோல் இருக்கிற இடமாப் பார்த்து வெட்டச் சொல்லுங்க. வெறும் க்ளோமெருலஸை மட்டும் படம் பிடிச்சு "படிவு இல்லை"ன்னு அனுப்பிட்டா பிரயோஜனம் இல்லை. வழக்கமா கிட்னி பயாப்ஸியில எல்லாரும் க்ளோமெருலஸைத்தான் பார்ப்பாங்க, குழாயைத் திரும்பிப் பார்க்கிறது குறைவு. இந்த நோய்ல குழாய்தான் கதாநாயகன்.

மார்ச் 6, மதியம் 1:10

"14ல 2 செத்துப்போச்சு"ன்னு ரொம்பப் பயப்பட வேண்டாம், இதைச் சொல்ல விட்டுப்போச்சு. வயசானா எல்லாருக்கும் கொஞ்சம் மூடும். கிட்னிக்காரங்க வெச்சிருக்கிற ஒரு கைக்கணக்கு: வயசைப் பாதியாக்கி 10 கழிக்கணும். 52க்கு 16 சதவீதம் வரைக்கும் வயசுக்கணக்குலயே போகும். அண்ணனுக்கு 14 சதவீதம் சொச்சம். அந்த எண்ணிக்கையில செய்தி இல்லை. கிரியேட்டினின் 1.6லதான் செய்தி இருக்கு.

மார்ச் 7, இரவு 10:30

ராத்திரி யோசிச்சப்போ ஒண்ணு உறுத்துச்சு. "பிரஷரே கிடையாது"ன்னீங்க. எப்படிப் பார்த்தீங்க? கிளினிக்ல உட்கார வெச்சு எடுத்த அளவா? அது போதாது. கிளினிக்ல சரியா இருந்து வீட்டுல, தூக்கத்துல ஏறுற ஆளுங்க இருக்காங்க. கையில பட்டை கட்டி 24 மணி நேரம் எடுக்கிற டெஸ்ட் ஒண்ணு பண்ணிடுங்க. "பிரஷர் இல்லாமலே குழாய் தடிச்சிருக்கு, அதனால கேடசில்தான்"னு வாதம் பண்ணணும்னா முதல்ல பிரஷர் நிஜமாவே இல்லைன்னு காட்டணும். அதுவும் இல்லாம ரெண்டும் சேர்ந்தே இருக்கலாம். கேடசில்காரருக்கு பிரஷர் வரக்கூடாதுன்னு சட்டமா?

மார்ச் 9, காலை 7:00

நாலு நாளா நான் எழுதினதைத் திரும்பப் படிச்சேன். படிவு, படிவுன்னு அதையே கட்டிக்கிட்டு அழுற மாதிரி இருக்கு. கொஞ்சம் தளர்த்திக்கிறேன்.

எங்க சித்தி மகனுக்கும் அதே மரபணு மாற்றம். அவனுக்கும் யூரின்ல புரோட்டீன், கூடவே ரத்தம். வீட்டுல எல்லாரும், நானும்தான், "அண்ணனுக்கு (அதாவது எனக்கு) இருக்கிறதுதான் தம்பிக்கும், அதே மருந்தைக் கொடுத்துட்டுப் போங்க, எதுக்கு குத்திக்கிட்டு"ன்னோம். அவனோட கிட்னி டாக்டரம்மா கேக்கலை. "ரத்தமும் போகுது, நான் பார்க்காம விட மாட்டேன்"னு சொல்லி எடுத்தாங்க. இம்யூனோஃப்ளூரசன்ஸ்ல மெசாஞ்சியம் (க்ளோமெருலஸுக்குள்ள குழாய்களைத் தாங்குற பகுதி) முழுக்க ஐஜிஏங்கிற நோய் எதிர்ப்புப் புரதம் ஒளிர்ந்துச்சு. ஐஜிஏ நெஃப்ரோபதி. கேடசிலுக்கு மூத்த பங்காளியும் இல்லை, இளைய பங்காளியும் இல்லை, தனி நோய். அதுக்குன்னு தனி மருத்துவம் இருக்கு. ஐஜிஏ உலகத்துல ரொம்பச் சாதாரணமா வர்ற கிட்னி நோய். கேடசில் குடும்பத்துல பிறந்தவனுக்கு அது வராதுன்னு யார் சொன்னது?

அதனால என் கருத்து இப்போ இதுதான்: கேடசில் உள்ளவருக்கு கிட்னி பயாப்ஸி எடுக்கிறது படிவைக் கண்டுபிடிக்க இல்லை. மரபணு டெஸ்ட்லதான் அது ஏற்கெனவே தெரிஞ்சுபோச்சே. வேற ஏதாவது, மருந்து இருக்கிற ஏதாவது, மறைஞ்சு நிக்குதான்னு பார்க்கத்தான். படிவு தெரிஞ்சா "சரி, இதுவும் இருக்கு"ன்னு எழுதி வெச்சுக்கலாம். வீட்டுல ஒரு பெரிய நோய் இருந்தா எல்லாப் பழியையும் அது தலையில கட்டுறது ரொம்பச் சுலபம்.

மார்ச் 9, மாலை 5:45

"அப்போ மெசாஞ்சியத்துல கறுப்பா எதாவது தெரிஞ்சா அது ஐஜிஏவா, கேடசில் படிவா?" – நல்ல கேள்வி. கேடசில் படிவு குழாயோட நிக்கிறதில்லை, மெசாஞ்சியத்துலயும் பார்த்ததா கேஸ் ரிப்போர்ட்கள் இருக்கு. மெசாஞ்சியல் செல்லும் தசை செல்லுக்கு உறவுதான், நாட்ச்-3 அங்கேயும் வேலை செய்யுது. பிரிச்சுச் சொல்றது இம்யூனோஃப்ளூரசன்ஸ். ஐஜிஏன்னா பச்சையா ஒளிரும். கேடசில் படிவுல நோய் எதிர்ப்புப் புரதம் கிடையாது, அது இருட்டாவே இருக்கும். அதனாலதான் மூணு விதமாவும் பார்க்கணும், ஒரு டெஸ்ட் இன்னொண்ணை ஈடுகட்டாது.

மார்ச் 10, இரவு 11:20

தூக்கம் வரலை, தலைப்பை விட்டு விலகி ஒண்ணு சொல்றேன், பொறுத்துக்குங்க.

பழியைத் தூக்கிப் போடுறதைப் பத்தி சொன்னேன்ல? 1977ல ஸ்வீடன்ல ஒரு குடும்பத்தைப் பத்தி எழுதினாங்க. தலைமுறை தலைமுறையா சின்னச் சின்ன பக்கவாதம், மறதி. 1993ல கேடசில்னு பேர் வெச்சு, 1996ல நாட்ச்-3ன்னு மரபணுவைக் கண்டுபிடிச்ச பிறகு, எல்லாரும் அந்த ஸ்வீடன் குடும்பத்தைத்தான் "ஆரம்பத்துல வந்த கேடசில் குடும்பம்"னு காட்டுவாங்க. 2007ல அவங்க திசுவையும் மரபணுவையும் எடுத்து சோதிச்சா, நாட்ச்-3ல ஒண்ணுமே இல்லை. படிவும் இல்லை. வேற நோய். இன்னும் பத்து வருஷம் கழிச்சுத்தான் தெரிஞ்சுது, கொலாஜன்-4 ஆல்ஃபா-1 மரபணுவுல கோளாறுன்னு. முப்பது வருஷம் தப்பான பேர்ல புத்தகத்துல இருந்திருக்காங்க!

மார்ச் 11, காலை 6:50

ராத்திரி எழுதினதுல கிட்னிக்கும் ஒரு நூல் இருக்கு, விட்டுட்டேன். அதே கொலாஜன்-4 மரபணுவுல வேற இடத்துல மாற்றம் வந்தா ஹனாக்னு ஒரு நோய். அதுல கண்ணுக்குள்ள ரத்தக்குழாய் நெளிஞ்சு இருக்கும், தசைப்பிடிப்பு வரும், ரத்தத்துல சிகேங்கிற தசை என்சைம் ஏறியிருக்கும், கிட்னியில நீர்க்கட்டி, யூரின்ல ரத்தம். பயாப்ஸியில கேடசில் மாதிரி கறுப்புப் படிவு இருக்காது. நுண்குழல்களோட அடித்தளச் சவ்வு தடிச்சு, அடுக்கடுக்காப் பிரிஞ்சு இருக்கும். க்ளோமெருலஸோட சவ்வு பார்க்க நல்லாவே இருக்கும். ரெண்டுமே பரம்பரைச் சிறுநாள நோய், ரெண்டுக்கும் மூளை ஸ்கேன் ஒரே மாதிரி தெரியலாம், ஆனா கிட்னித் துண்டு வேற வேற சாட்சி சொல்லுது. மரபணு டெஸ்ட் எடுக்காத குடும்பத்துக்கு அது பெரிய விஷயம்.

ஃபேப்ரி நோயும் (செல்களுக்குள்ள கொழுப்பு சேர்ற பரம்பரை நோய்) இந்தப் பக்கத்துலதான் நிக்குது. அதுல க்ளோமெருலஸோட வடிகட்டிச் சுவர்ல இருக்கிற போடோசைட் செல்கள் நுரைநுரையா வீங்கியிருக்கும், எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்புல வரிவரியா கொழுப்பு தெரியும், வரிக்குதிரைன்னே பேர் வெச்சிருக்காங்க. அதை விட்டுடக் கூடாது, ஏன்னா ஃபேப்ரிக்கு என்சைம் ஊசி இருக்கு. ஆனா அமியோடரோன், குளோரோகுயின் சாப்பிடுறவங்களுக்கும் அதே வரிகள் வரலாம். மாத்திரைப் பட்டியலைப் பார்க்காம வரிக்குதிரையை நம்பாதீங்க.

மார்ச் 12, மதியம் 2:30

மாத்திரைப் பட்டியல்னதும் பொறி தட்டுச்சு. நீலவானம், அண்ணனுக்கு மைக்ரேன் உண்டா? வந்தா என்ன மாத்திரை போடுறார்?

மார்ச் 12, இரவு 8:05 – நீலவானம்

இருபது வருஷமா இருக்கு. டைக்ளோஃபெனாக், சில சமயம் ஐபுப்ரோஃபென். மாசத்துல பாதி நாள் போடுவார். யாரும் கேட்டதில்லை, அதனால சொல்லலை.

மார்ச் 12, இரவு 8:25

யாரும் கேக்கலை! அதான் பாருங்க.

கேடசில்ல மைக்ரேன் ரொம்பப் பேருக்கு முதல் அறிகுறி. பக்கவாதத்துக்குப் பத்து இருபது வருஷம் முன்னாடியே ஆரம்பிக்கும். அத்தனை வருஷமும் வலி மாத்திரை. இந்த வகை வலி மாத்திரைகள் கிட்னிக்குள்ள ரத்த ஓட்டத்தைக் குறைக்கும். அஃபரெண்ட் ஆர்டீரியோல் சுருங்கும், ஏற்கெனவே தடிச்சுப்போன அதே குழாய். நுண்குழல்களைச் சுத்தி வீக்கம், நார், புரோட்டீன் ஒழுகல் எல்லாம் இந்த மாத்திரையாலயே வரலாம். அப்போ அண்ணனோட 1.6க்கு மூணு பேர் வரிசையில நிக்கிறாங்க: கேடசில், தெரியாத பிரஷர், டைக்ளோஃபெனாக். இதுல நாளைக்கே நிறுத்த முடிஞ்சது ஒண்ணுதான். நியூராலஜி டாக்டர்கிட்ட சொல்லி மாத்து வழி கேளுங்க. டிரிப்டான் வகை மைக்ரேன் மாத்திரையை நீங்களா வாங்கிப் போட்டுடாதீங்க, அது குழாயைச் சுருக்கும், இந்த நோய்ல தயங்கித்தான் கொடுப்பாங்க.

ரிப்போர்ட்ல "இன்டர்ஸ்டிஷியம்"னு (நுண்குழல்களுக்கு நடுவுல இருக்கிற இடம்) ஒரு பத்தி இருக்கும். அதுல இயோசினோஃபில், லிம்ஃபோசைட் (வெள்ளை அணு வகைகள்) கூட்டம்னு எதாவது எழுதியிருக்கான்னு பாருங்க. எல்லாரும் கடைசி வரியை மட்டும் படிக்கிறோம், நடுவுல இருக்கிற பத்திகள்லதான் சரக்கு.

மார்ச் 14, காலை 9:10

பயாப்ஸிக்கு முன்னாடி ஆஸ்பிரின் நிறுத்துறது பத்தி ரெண்டு பேர் கேட்டிருக்கீங்க. இதுக்கு நான் விடை சொல்ல மாட்டேன், யார்கிட்ட கேக்கணும்னு மட்டும் சொல்றேன். கிட்னி டாக்டருக்கு ரத்தக்கசிவு பயம், அதனால ஒரு வாரம் முன்னாடியே நிறுத்தச் சொல்வார். நியூராலஜிக்காரருக்கு பக்கவாத பயம், அதனால நிறுத்த யோசிப்பார். ரெண்டு பேரும் அவங்கவங்க பக்கம் சரி. நான் நடுவுல மாட்டிக்கிட்டு ரெண்டு பேரோட சீட்டையும் எடுத்துக்கிட்டு மாடி ஏறி இறங்கினேன். கடைசியில ஒரே சமயத்துல ரெண்டு பேரையும் போன்ல பேச வெச்சேன், பேசி முடிக்க அஞ்சு நிமிஷம்கூட ஆகலை. அதை முதல்லயே செஞ்சிருந்தா முட்டிவலி மிச்சம்.

எடுத்தப்புறம் மல்லாக்கப் படுத்தே இருக்கணும், யூரின் நிறம் பார்ப்பாங்க, பிரஷர் இறங்காம பார்ப்பாங்க. கேடசில்காரருக்கு பிரஷர் ரொம்ப இறங்கினாலும் ஆபத்துன்னு நர்ஸ்கிட்ட வாய்விட்டுச் சொல்லிடுங்க.

மார்ச் 16, இரவு 9:55

யாரோ ஒருத்தர் மேல எழுதியிருக்கார்: "படிவு எவ்வளவு அதிகமோ அவ்வளவு சீக்கிரம் டயாலிசிஸ்." எங்கிருந்து வந்துச்சு இந்தக் கணக்கு? கிட்னியில படிவை எண்ணி எதிர்காலம் சொல்ற அளவுகோல் எதுவும் நடைமுறையில இல்லை. கேடசில்ல கிட்னி முழுசா செயலிழந்து டயாலிசிஸுக்குப் போறது வழக்கமும் இல்லை. புரோட்டீன் கொஞ்சம், கிரியேட்டினின் கொஞ்சம், அதோட நிக்கிறவங்கதான் அதிகம். கிட்னி வேகமாச் சரிஞ்சா அதை கேடசில்னு விட்டுடாதீங்க, வேற காரணத்தைத் தேடுங்கன்னுதான் அர்த்தம். பயமுறுத்துறதுக்கு முன்னாடி ஒரு தடவை மூச்சு விடுங்க சாமி.

மார்ச் 23, மாலை 6:40 – நீலவானம்

பிளாக்ல இருந்து எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் பண்ணிட்டாங்க. "ஆர்டீரியோல் தசை செல்களுக்கு வெளியே துகள் படிவுகள், கேடசிலுக்குப் பொருந்தும். மெசாஞ்சியத்தில் இல்லை." அதே பிளாக்ல பார்த்த இம்யூனோஃப்ளூரசன்ஸும் நெகட்டிவ். இன்டர்ஸ்டிஷியத்துல "சிதறலாக லிம்ஃபோசைட்கள், சில இயோசினோஃபில்கள்"னு பழைய ரிப்போர்ட்லயே இருந்திருக்கு. 24 மணி நேர பிரஷர்ல ராத்திரி அளவு கூடுதல். ஒரு சந்தேகம்: அஃபரெண்ட் ஆர்டீரியோல்ல ரெனின் (பிரஷரை ஏத்த உதவுற சுரப்பு) துகள்னு ஒண்ணு இருக்குமாமே, அதைப் பார்த்து ஏமாந்திருப்பாங்களா?

மார்ச் 23, இரவு 10:15

ரெனின் துகள் பத்தி கேட்டீங்க பாருங்க, அசந்துட்டேன். மூணு வாரத்துல ஆளே மாறிட்டீங்க.

ஏமாற மாட்டாங்க. ரெனின் துகளும் கறுப்புதான், அதே குழாயோட முனையிலதான் இருக்கும். ஆனா அது செல்லுக்கு உள்ள, சவ்வுப் பைக்குள்ள இருக்கும். கேடசில் படிவு செல்லுக்கு வெளிய. உங்க ரிப்போர்ட்ல "வெளியே"ன்னு எழுதியிருக்காங்க, அந்த ஒரு வார்த்தை போதும்.

ஆக, வரிசையில நின்ன மூணு பேர் மேலயும் தடயம் இருக்கு. யார் பங்கு எவ்வளவுன்னு எந்த மைக்ராஸ்கோப்பும் சொல்லாது. வலி மாத்திரையை நிறுத்திட்டு கிரியேட்டினின் எங்கே போய் நிக்குதுன்னு பாருங்க. இறங்கின அளவு மாத்திரையோட பங்குன்னு தோராயமா வெச்சுக்கலாம்.

புரோட்டீனைக் குறைக்க டெல்மிசார்ட்டான் மாதிரி பிரஷர் மாத்திரை எதாவது ஆரம்பிப்பாங்க. ஆரம்பிச்சு ஒண்ணு ரெண்டு வாரத்துல பொட்டாசியம், கிரியேட்டினின் பார்க்கணும். கிரியேட்டினின் கொஞ்சம் ஏறும், 30 சதவீதம் வரைக்கும் ஏறினா மருந்தை நிறுத்தாம தொடர்றதுதான் வழக்கம், பதறாதீங்க. எழுந்து நின்னா தலை சுத்துதுன்னு அண்ணன் சொன்னா மட்டும் அன்னைக்கே டாக்டர்கிட்ட சொல்லுங்க. சிகரெட் உண்டா? இருந்தா அதுதான் முதல்ல போகணும். கேடசில்ல பக்கவாதத்தை முன்னாடியே இழுத்துட்டு வர்றதுல அதுக்குப் பெரிய பங்கு.

மார்ச் 24, காலை 7:30

"பின்னால தேவைப்பட்டா நான் ஒரு கிட்னி கொடுக்கத் தயார்"னு நீங்க தனியா எழுதினதுக்கு இங்கேயே பதில், ஏன்னா மத்தவங்களுக்கும் பயன்படும். இப்போ அந்தப் பேச்சுக்கே அவசியம் இல்லை. என்னைக்காவது வந்தா, கூடப் பிறந்தவங்களுக்கு அந்த மாற்றம் இருக்க பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஜீன் டெஸ்ட் எடுக்காம யாரும் உங்களை டோனரா ஏத்துக்கக் கூடாது. அந்த டெஸ்ட் எடுக்கிறதுக்கு முன்னாடி ஆலோசகர்கிட்ட உட்கார்ந்து பேசுங்க, முடிவு தெரிஞ்சப்புறம் தெரியாத மாதிரி இருக்க முடியாது. அறிகுறி எதுவும் இல்லாத சின்னப் பிள்ளைகளுக்கு எடுக்கிற வழக்கம் இல்லை. பதினெட்டு தாண்டி அவங்களே முடிவு பண்ணட்டும்.

மார்ச் 24, காலை 7:50

இன்னொண்ணு, மறந்துடுவேன். அண்ணனுக்கு அடுத்த தடவை மூளை எம்ஆர்ஐ எழுதினா கான்ட்ராஸ்ட் ஊசி எதுக்குன்னு கேளுங்க. கேடசிலைத் தொடர்ந்து பார்க்கிறதுக்கு வழக்கமா அது தேவைப்படாது. கிட்னி இப்படி இருக்கிறப்போ தேவையில்லாம எதுக்கு? கதீட்டர் விட்டு ஆஞ்சியோ பண்ணணும்னு யாராவது சொன்னா, அதுல கேடசில்காரங்களுக்கு நரம்பியல் சிக்கல் வந்திருக்குன்னு சொல்லி, நியூராலஜி டாக்டர் ஒப்புதல் இல்லாம கையெழுத்துப் போட வேண்டாம். ராத்திரி பிரஷருக்கு மாத்திரை எந்த நேரத்துல போடச் சொன்னாங்கன்னு எழுதுங்க.